எர்த் வட்டத்தில் ஒரு பொட்டு

சிம்பாங் ரெங்கத்தில் மாவு பிசையும் இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் மலர் லைன் லீடர். புது மாடல் எது வாசலைத் தாண்டினாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் அனுப்ப மாட்டாள். சீன முதலாளியும் கண்டுகொள்வதில்லை.

இந்த முறை இயந்திரம் ஜெர்மனிக்குப் போக வேண்டும். அங்கே விதி கண்டிப்பு. கடையில் ஓடுகிற இயந்திரம் பக்கத்து வீட்டு ரேடியோவை இரைய வைக்கக் கூடாது. அதன் மின்காந்த இரைச்சல் எல்லைக்குள் அடங்கினால்தான் விற்கலாம். ஆர்டர் கைநழுவினால் மலரின் லைனையே மூடிவிடுவதாக முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

ஸ்கூடாயில் இருக்கும் பரிசோதனைக் கூடத்துக்கு இன்ஜினியர் குணாளனோடு மலரும் போனாள். இயந்திரத்தை ஓடவிட்டதும் திரையில் இரைச்சல் கோடு எல்லையைத் தாண்டி எகிறியது. குணாளனுக்கு முகம் செத்துப்போயிற்று. இன்னொரு ஃபில்டர் போட்டால் விலை ஏறும், ஏறினால் ஜெர்மன்காரன் வாங்கமாட்டான்.

குணாளன் மூடியைக் கழற்றி, இரைச்சலைத் தரைக்கு இறக்கும் எர்த் கம்பியின் ஸ்க்ரூவை எடுத்தான். உலோகத்தை உலோகம் தொட வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்காமல் வட்டமாக விட்டிருப்பார்கள். வட்டம் முழுக்கச் சந்தனம் காய்ந்து கெட்டியாக இருந்தது.

"இத யாரு வச்சதுக்கா?"

மலர் வட்டத்தை எட்டிப் பார்த்தாள். பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி அல்லவா இருந்தது!

"நான்தான் தம்பி. வெளிய வச்சா வழியில அழிஞ்சிடும்னு, ஸ்க்ரூ மாட்டறதுக்கு முன்னாடியே உள்ள வச்சேன் லா."

"அலமாக்!" என்று தலையில் கைவைத்தவன் திட்டவில்லை. சுரண்டித் துடைத்து, கம்பியை மறுபடி முறுக்கினான். கோடு எல்லைக்குக் கீழே அடங்கியது.

திரும்பும் வழியில், "பாஸ்கிட்ட ஸ்க்ரூ லூஸுன்னு சொல்லிடலாம்க்கா" என்றான்.

மலருக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஸ்க்ரூவை முறுக்குவது வாசுகி. போன வருடம்தான் பாலோவிலிருந்து வேலைக்கு வந்தவள். பழி விழுந்தால் முதலில் அவளைத்தான் அனுப்புவார்கள்.

"வேணாம் தம்பி. நானே பேசிக்கறேன்."

பேசினாள். சந்தனம் வைத்தது நான்தான் என்றாள். முதலாளி, இனி ஒவ்வோர் இயந்திரத்தின் எர்த் இணைப்பையும் நீயே பார்த்துக் கையெழுத்துப் போடு என்று மலாய் மொழியில் சொல்லி அனுப்பிவிட்டார்.

லைன் ஓடத் தொடங்கியது. வாசுகி முறுக்கி முடித்த ஸ்க்ரூவை மலர் மறுபடி கழற்றிப் பார்ப்பாள். நடந்தது எதுவும் தெரியாத வாசுகி பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏன்க்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உன் மேல இருக்குடி," என்றாள் மலர், அடுத்த ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டே. "என் மேலதான் இல்ல."