ஆளில்லாமல் ஓடிய ஃபேன்

எங்கள் வீட்டில் ஆளில்லாத இடத்தில் ஃபேன் ஓடுவது கொலைக் குற்றத்துக்கு அடுத்தபடி. "யாரூட்டு கரண்ட்டுன்னு நெனச்ச?" என்று அம்மா பாய்ந்துவிடுவாள். எட்டு வயதில் நான் அந்தச் சட்டத்தின் காவல்காரியாக இருந்தேன். பக்கத்து வீட்டு ஃபேனைக்கூட ஓடிப்போய் அணைத்து, அதனடியில் தூங்கிக்கொண்டிருந்தவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் அப்பா ஒரு பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருந்தார். பேரிகைப் பக்கம் பசுமைக்குடிலில் வளர்கிற ரோஜாவைப் பெங்களூருக்குக் கொண்டுபோகும் வேலை. பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. டீசல் இன்ஜின் மாற்றித் தருகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டவர் மாமா, அம்மாவின் தம்பி. ஓசூரில் ஒரு கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். இந்த வண்டி நல்லபடியாக ஓடிவிட்டால், கெலமங்கலத்தில் இதற்கென்றே ஒரு பட்டறை போடுவது அவர் கனவு. இன்னும் இரண்டு ஜீப்காரர்கள், உங்கள் மச்சான் வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தெம்பில் மாமா கம்பெனி வேலையையும் விட்டுவிட்டார்.

புது இன்ஜின் கொஞ்சம் நீளம். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பழைய விசிறிக்கு இடமில்லாமல் போயிற்று. ஏதோ காரில் கழற்றிய எலெக்ட்ரிக் ஃபேனை மாமா ரேடியேட்டருக்கு முன்பக்கம் பொருத்தினார். தண்ணீர் சூடானதும் அதைத் தானாக ஓடவிட ஒரு டெம்பரேச்சர் சுவிட்ச். கட்டைவிரல் பருமனில் பித்தளைத் துண்டு. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, அம்மாவின் பால் குண்டானில் தண்ணீரைக் காய்ச்சி, சுவிட்சை ஒயரோடு அதில் தொங்கவிட்டார். மறுமுனையில் ஒரு சின்ன பல்பு. தண்ணீர் தளதளவென்று கொதிப்பதற்குச் சற்று முன்னால் பல்பு பளிச்சென்று எரிந்தது. அம்மா குண்டானுக்காகக் கத்தினாள். நானும் மாமாவும் கைதட்டினோம்.

வண்டியில் மாட்டிய பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்தியா பாப்பா, இந்த ஒயரப் புடுங்குனா ஃபேன் நின்னுடும். சொருகுனா ஓடும். அவ்ளோதான்."

அப்பாவுக்கு ஒரே ஒரு மனக்குறை. வண்டியை அணைத்துச் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடியது.

"பேட்டரி எறங்கிடாதா மாப்ள? சாவியோட நிக்கற மாதிரி குடுத்துடேன்."

"இல்ல மச்சான், இன்ஜின் நின்னாலும் உள்ள சூடு இருக்கும்ல? ஆறுனா அதுவே நின்னுக்கும். யாரும் தொட வேணாம்."

அப்பா தலையாட்டினார். ஆனால் சாப்பிடும்போது அம்மாவிடம் பேட்டரியைப் பற்றியே புலம்பினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி வந்தது. வெளிநாட்டுக் காதலர்களுக்கெல்லாம் ஒரே நாளில் ரோஜா வேண்டுமாம். அந்தச் சீசனில் நடை தவறாமல் ஓட்டினால், வருஷம் முழுக்க அந்தத் தோட்டத்துப் பூ அப்பாவுக்குத்தான் என்று பேச்சு. முதல் நாள் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வந்த அப்பா, பானெட்டைத் திறந்துவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். வாசலில் ஜீப் தனியாக நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத இடத்தில்.

பாவாடை நுனியால் பிடித்து ஒயரைப் பிடுங்கினேன். ஃபேன் நின்றது. ஒயர் தொங்கினால் அசிங்கமாக இருக்குமே என்று அதைச் சுருட்டி, என் ஜடையிலிருந்த சிவப்பு ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டிவைத்தேன். குளித்துவிட்டு வந்த அப்பா, "இன்னைக்குச் சீக்கிரமே நின்னுடுச்சே" என்று பானெட்டை மூடினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலையில் திரும்பச் சொருக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் அணைத்த ஃபேனை வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றனவாம். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். சூடு காட்டும் முள் அந்த ஜீப்பில் எப்போதோ செத்துவிட்டது. அந்த வரிசையில் அப்பா ஊர்ந்து ஊர்ந்து போயிருக்கிறார். மத்தியானம் வேறொரு வண்டி ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டது. இன்ஜின் ஹெட் வெடித்து, ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் விட்ட டீ நிறத்தில் வழிந்தது. பின்னால் வாளி வாளியாக ரோஜாக்கள் தலை தொங்கிக் கிடந்தன. அப்பா சக்கரத்தோரம் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

மாமா சைக்கிளில் விழுந்தடித்து வந்தார். பானெட்டுக்குள் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் என்னைப் பார்த்தார். என் ஒரு ஜடையில் சிவப்பு ரப்பர் பேண்ட், இன்னொன்றில் அம்மா கட்டிவிட்ட கறுப்பு நூல். எதையோ சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நாந்தான் மச்சான் சரியா சொருகல. ஒயர் கழண்டுக்கிச்சு."

அப்பா கத்தவில்லை. "யாரும் தொட வேணாம்னியே மாப்ள. நீ தொட்டதுதான் தப்பு. இனிமே என் வாசப்படி மிதிக்காத" என்றார்.

நானும் நம்பினேன். மாமாவே ஒத்துக்கொண்டுவிட்டாரே. அப்பாவை அழவைத்துவிட்டாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஜீப் பழைய இரும்புக்குப் போயிற்று. அப்பா அதே ரோஜாத் தோட்டத்தில் கூலிக்கு மருந்தடித்தார். அந்த இரண்டு ஜீப்காரர்களும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். பட்டறையும் இல்லை, விட்ட வேலையும் மாமாவுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. மாமாவின் கல்யாணத்துக்குக்கூட அம்மாவை அப்பா அனுப்பவில்லை. அந்தக் கோபத்தோடேயே செத்தும் போனார். மாமா இப்போது ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. நான் வேலைக்குப் போகும் பஸ் தினமும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போகிறது. நீலச் சட்டையில் நிற்கிறார், மெலிந்துவிட்டார். ஒருநாளும் நான் இறங்கியதில்லை. விவரம் புரிந்த பிறகு வந்த வெட்கம்தான், வேறென்ன. இறங்கிச் சொன்னாலும் யாருக்கு எது திரும்பி வரப்போகிறது?

அன்று கிளம்பும் முன் மாமா சைக்கிளைப் பிடித்தபடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். பையிலிருந்து சிவப்பு ரப்பர் பேண்டை எடுத்து, சட்டையில் துடைத்து என் கையில் வைத்தார்.

"கீழ கெடந்துச்சு பாப்பா. பத்தரமா வெச்சுக்க."

நூலை அவிழ்த்து எறிந்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டேன். இரண்டு ஜடையும் ஒன்றுபோல ஆகிவிட்ட சந்தோஷத்தில், அவர் தெருமுனை திரும்பும் வரை கையாட்டிக்கொண்டு நின்றேன்.