என் ஜெயிலைத் தட்டிப் பறித்தவர்

நான் எலியைப் பார்த்தால் யானை என்று சொல்கிறவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது நிஜமாகவே நடந்தது. அதுவும் பட்டப்பகலில், கல்கத்தாக் கோர்ட்டில், ஐந்நூறு பேர் முன்னால்... சரி, ஐம்பது பேர்.

எங்கள் ‘ரணபேரி’ பத்திரிகையை எழுதுகிறவர் பவதோஷ் பாபு. அடிவரியில் ஆசிரியர் என்று அச்சாவது வேறொருவன் பெயர். ராஜத்துரோக வழக்கு வந்தால் அந்தப் பெயர்க்காரன் ஜெயிலுக்குப் போவான். பாபுவின் பேனா நிற்காது. எங்களுக்கெல்லாம் அண்ணன் மாதிரியான கேதார் தாதா அப்படி ஏற்கெனவே உள்ளே போயிருந்தார். அடுத்தது என் முறை. மாலை போட்டு, வாயில் சந்தேஷ் இனிப்பைத் திணித்து அனுப்பினார்கள்.

கெடுத்தவன் அச்சுக்கோக்கும் மாணிக். என் பெயரைக் கோக்க மறந்து, பழைய அடிவரியையே விட்டுவிட்டான்.

வெள்ளைக்கார நீதிபதி தாளைத் தட்டினார். "இதுல கேதார்னு இருக்கு. நீ யாருய்யா?"

"நான்தாங்க ஆசிரியர்! சத்தியமா நான்தான்!"

"பச்சைப் பொய்," என்றார் அரசு வக்கீல். "கேதார் ஜெயில்ல இருக்கான். அப்போ இது பவதோஷ் வேலைதான். அவனைப் பிடிக்க உத்தரவு போடுங்க."

பாபு மாட்டினால் பத்திரிகை அன்றோடு முடிந்தது. கத்தினேன். கெஞ்சினேன். கூண்டுக் கம்பியில் முட்டிக்கொண்டேன். ஜெயிலுக்குப் போக இப்படி அழுதவன் உலகத்தில் உண்டா? ஒருவரும் நம்பவில்லை. கேதாரை விசாரிக்க வேண்டும், கூட்டி வா என்று ஜெயிலுக்கு ஆள் அனுப்பினார் நீதிபதி.

உச்சிப்பொழுது. வெளியே அடைமழை. தலைக்கு மேல் கயிறு இழுத்து ஆட்டும் பங்கா விசிறி... கிறீச்... கிறீச்...

நின்றது.

என் பக்கத்தில் தாதா.

எந்த வாசல் வழியாக வந்தார்? கூடக் காவலர் இல்லை. காலில் விலங்கு இருந்தது, சத்தம் இல்லை. அத்தனை மழையிலும் சட்டை நனையவில்லை. எங்கிருந்தோ நெய் கருகும் வாசனை...

"தாதா, நீங்கதான் ஒரு தடவை போயாச்சே! இது என் முறை!" என்று கிசுகிசுத்தேன்.

"சும்மா கிடடா லலித். மூட்டைப்பூச்சி கடிச்சாலே ஊரைக் கூட்டுறவன் நீ."

அதே கிண்டல். உதடு மட்டும் அசையவில்லை.

பிறகு நீதிபதியைப் பார்த்தார். "உள்ளே இருந்தே எழுதி அனுப்பினேன். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை."

அது கோர்ட் முழுக்கக் கேட்டது.

அவருக்கு இன்னும் மூன்று வருடம். எனக்கு விடுதலை.

"என் ஜெயிலையும் நீங்களே முழுங்கிட்டீங்களே!" ஆத்திரத்தில் அவர் கையைப் பிடித்தேன்.

கொதித்தது.

என் விரல்கள் என் உள்ளங்கையிலேயே மூடின...

திறந்தேன். சாம்பல்.

கிறீச்... கிறீச்...

நீதிபதி ஜெயிலுக்கு அனுப்பிய ஆள் சாயங்காலம் தனியாகத் திரும்பினான். விடியுமுன்பே காலராவில் தாதா போய்விட்டாராம். கூண்டில் அவர் என் பக்கத்தில் நின்ற அந்த உச்சிப்பொழுதில், மழையிலும் அணையாமல் சிதை எரிந்துகொண்டிருந்ததாம்.

நான் விடுவேனா? அடுத்த இதழின் அடிவரியில் என் பெயரை நானே கோத்தேன். தலைகீழ் எழுத்தை விரலால் தடவித் தடவிச் சரிபார்த்தேன். மாணிக் தாளை வைத்து அழுத்தினான்.

எடுத்துப் பார்த்தோம்.

ஆசிரியர்: கேதார்.