பிரமிளா அக்கா பெயரில் ஓர் எண்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பிரமிளா அக்காவும் நானும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம். நாங்கள் இருவரும் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப் வழியாகச் சிப்புகளைப் பார்த்துப் பழுதானதை ஒதுக்குவது அவர் வேலை. பத்தொன்பது வயதில் தாசேக் கெலுகோரிலிருந்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசமாட்டார். யாராவது உதவி கேட்டால் மட்டும் மறுக்கத் தெரியாது.

ஒரு சமயம் கர்ப்பப்பைக் கட்டி பற்றிக் கைப்பேசியில் தேடினார். பிறகு எதைத் திறந்தாலும் அதே விளம்பரம். தொழிற்சாலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்து, "யாருக்குக்கா ஆபரேஷன்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் டெக்னீஷியன் யுகேந்திரன், தேடுவதைச் சேர்த்து வைக்காத ஒரு தேடுபொறியைப் போட்டுக் கொடுத்தான்.

"இதுல தேடுனா கவர்மெண்டுக்கே தெரியாதுக்கா."

"பக்கத்து சீட்டுக்குத் தெரியாம இருந்தா போதும்லா, தம்பி."

புதிதாக வேலைக்கு வந்த ஃபாத்தின் அடையாள அட்டையைத் தொலைத்திருந்தாள். கைப்பேசி எண் இல்லாமல், தொழிற்சாலை பஸ் வரும் நேரத்தைச் சொல்லும் கைப்பேசிக் குழுவில் சேர முடியாது. அட்டை இல்லாமல் எண் வாங்க முடியாது. அக்கா தன் அட்டையைக் காட்டி அவளுக்கு ஒரு சிம் வாங்கிக் கொடுத்தார். எங்கள் உற்பத்தி லைனில் பலர் இப்படித்தான். யார் எண் யார் பெயரில் இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

வெள்ளத்தைப் பார்வையிட வந்த ஒரு பதவிக்காரர், குடை பிடிக்க ஆள் வைத்து நடந்ததைக் கிண்டல் செய்து ஃபாத்தின் அந்த எண்ணில் திறந்த கணக்கில் வீடியோ போட்டாள். அது பரவியது. யாரோ புகார் கொடுத்தார்கள். காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது அக்காவுக்கு.

ஃபாத்தினுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பெயர் வெளியே வந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் அவள் பெயரைச் சொல்வதில்லை என்று அக்கா முடிவு செய்தார்.

"சிம் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்றேன். நீ அதைக் கழட்டிப் போட்டுடு," என்று அவளிடம் சொன்னார். அவள் எண்ணையும் செய்திகளையும் தன் கைப்பேசியிலிருந்து அழித்தார். பிறகு உட்கார்ந்து அந்தத் தேடுபொறியில் தேடினார். சிம் தொலைந்தால் என்ன கேட்பார்கள், பொய் சொன்னால் என்ன தண்டனை.

"நான் என்ன தேடுனேன்னு அவங்களுக்குத் தெரியாதுல்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாதுக்கா," என்றேன். தெரிந்துகொள்ள அவர்களுக்கு அவசியமும் இருக்கவில்லை. எண் யார் பெயரில் என்று சிம் நிறுவனத்திடம் கேட்டார்கள், பெயர் கிடைத்தது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். தமிழ் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார்.

"இந்த நம்பர் உங்களோடதாம்மா?"

"ஆமா சார். பாசார்ல காய் வாங்கப் போனப்ப சிம் தொலைஞ்சுபோச்சு."

"எப்போ?"

"ரொம்ப நாளாச்சு சார்."

அவர் எதையும் எழுதவில்லை. அக்காவின் கைப்பேசியைத் திறந்து தரச் சொன்னார். அக்கா கட்டைவிரலை வைத்துக் கொடுத்தார். அதிலிருந்தே அந்த எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். மணி அடித்தது.

"அக்கா, முடிஞ்சிருச்சா? ஏசாதீங்க, இன்னும் கழட்டல. என் இ-வாலட் காசெல்லாம் இந்த நம்பர்லதான் இருக்கு. நாளைக்கு மாத்திடுறேன்லா."

அதிகாரி அழைப்பைத் துண்டித்தார். "யாரும்மா இது?"

அக்கா ஃபாத்தின் பெயரைச் சொன்னார். எந்த லைனில் வேலை என்று அதிகாரி கேட்டார், அக்கா அதையும் சொன்னார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். எல்லாம் ஒரே குரலில்.

அந்த வாரமே ஃபாத்தினை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஊருக்குப் போகுமுன் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"போலீஸ்காரங்க போன்ல என் குரலைத்தான் கேட்டாங்க. நான் என் பேரைச் சொல்லலையேக்கா."

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

ஃபாத்தின் தலையாட்டினாள். லிஃப்ட் பழுதாகியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனாள். அக்கா எனக்குச் சோறு போட்டார். இருவரும் சாப்பிட்டோம்.