விரிக்காமல் விட்ட கிளை

ஆனந்தியை ஏமாற்றப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவையில்லை. முகம் கொடுத்து நாலு நாள் பேசினால் போதும், ஆளை முழுசாக நம்பிவிடுவாள்.

கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதிக்கொடுக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அவள் எழுதுகிறவள். எழுதியதைச் சோதித்துக் குறை சொல்வது என் வேலை. அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவளுக்கு ஊர் மலைமேல் இருக்கும் சின்னக்கானல். அப்பா இல்லை. அம்மா ராமலட்சுமி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறார். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், வீடு. ராமலட்சுமிக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது, அதோடு வீட்டையும் காலி செய்து கொடுக்க வேண்டும். மகளுக்கு இங்கே வேலை நிரந்தரமானால் இந்தப் பக்கமே ஒரு வீடு பிடித்து அம்மாவை அழைத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றுக்காகத்தான் ஆனந்தி தலை நிமிராமல் உழைத்துக்கொண்டிருந்தாள்.

அவளை இங்கே சேர்த்துவிட்டவர் அர்த்தநாரி. கோவிந்தாபுரத்துக்காரர், எங்கள் குழுவுக்குத் தலைவர். அவளை வாய் நிறைய ‘அம்மிணி’ என்பார். அவளுக்கு அவர் கூடப் பிறக்காத அண்ணன். அவள் அப்பா இறந்தபோது மலையேறிப் போய், காரியம் முடியும்வரை கூடவே நின்றார். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் வாசலுக்கு ஜாவா மொழியில் வருகைப்பதிவு செய்து கொடுத்திருந்தோம். தொழிலாளி அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மட்டும் திணற ஆரம்பித்தது. ஆட்கள் வெயிலில் வரிசையாக நின்று காவலாளியோடு சண்டை போட்டார்கள். எங்கள் மேனேஜர் முத்துசுவாமிக்குப் போனில் நல்ல அர்ச்சனை நடந்தது.

அர்த்தநாரி புரொஃபைலரை ஓட்டினார். நிரல் ஓடும்போது எங்கே எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்து காட்டும் கருவி அது. அது தந்த பட்டியலை மீட்டிங்கில் சுவரில் காட்டினார். அதிக நேரம் தின்பது எது என்ற வரிசையில் முதலாவதாக நின்றது ஆனந்தி எழுதிய மெத்தட், நிரலில் ஒரு சின்னப் பகுதி; ஒரு தொழிலாளிக்கு எந்த ஷிஃப்ட் என்று தேடிச் சொல்வது. எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

“புதுசுங்க சார், போகப்போகக் கத்துக்குவா” என்று அர்த்தநாரி பெரிய மனசோடு சொன்னார்.

“மொதல்ல இது சரியாகட்டும். இவளை ஸ்திரமாக்கறதைப் பத்தி அப்பறம் பேசிக்கலாம், கேட்டியோ” என்றார் முத்துசுவாமி.

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆனந்தி நினைத்துவிட்டாள். அந்த மெத்தடைத் திரும்பத் திரும்பத் திருத்தினாள். வாசலில் வரிசை குறையவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது, “ஒங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேண்ணே, மன்னிச்சிருங்க” என்று கண் கலங்கினாள். அவள் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சாதத்தை எடுத்துத் தின்றபடியே, “உடு அம்மிணி” என்றார் அந்த மனிதர்.

கடைசியில் அவளே புரொஃபைலரை ஓட்டி, அதில் கால் ட்ரீ என்னும் அழைப்பு மரத்தைத் திறந்தாள். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். பட்டியல் நேரம் போன இடத்தை மட்டும் சொல்லும். மரம், யார் கூப்பிட்டு யார் ஓடினார்கள் என்பதையும் சொல்லும். உச்சியில் அட்டையைக் காட்டும் இடம். கிளை கிளையாக விரித்துக்கொண்டே போனால், வாசலில் வருகையைக் காட்டும் மின்பலகைக்காக அர்த்தநாரி எழுதிய மெத்தட். அதற்கும் அடியில்தான் ஆனந்தியுடையது. ஒரு தடவை அது ஓடக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. ஆனால் ஒரே ஒரு ஆள் அட்டையைக் காட்டினால், தொழிற்சாலையில் எத்தனை பேரோ அத்தனை தடவை அதைக் கூப்பிட்டிருந்தது அர்த்தநாரியின் மெத்தட். இன்னும் யார் யார் வரவில்லை என்று பலகையில் காட்டுவதற்காக அவர் சமீபத்தில் செய்த மாற்றம் அது. யாரோ நாள் முழுக்க மிக்சியை ஓடவிட்டுவிட்டு மிக்சியைத் திட்டினால் எப்படி?

எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. அவளுக்கோ சந்தோஷம். “அண்ணன் கவனிக்காம விட்டுட்டாரு போல” என்று மடிக்கணினியோடு அவரிடம் ஓடினாள். அவர்கள் பேசியது என் காதிலும் விழுந்தது.

“அண்ணே, கண்டுபிடிச்சுட்டேன்! எல்லாருக்கும் ஒரே தடவ கேட்டு வாங்கி வச்சுக்கிட்டா சரியாப் போயிரும்.”

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. “மெதுவாப் பேசு அம்மிணி. நான் அன்னிக்கே பாத்துட்டனே.”

“பாத்தீங்களா?”

“அந்தக் கிளைய விரிச்சா என்ற பேருதான வரும்? எனக்கு இப்பத்தான் புரமோசன் பேசிட்டிருக்கறாங்க. நீ புதுசு, உன்னயத் திட்டீட்டு உட்ருவாங்க. நானே சரி பண்ணித் தாறேன், உன்ற தப்ப நீயே திருத்தீட்டதாச் சொல்லிக்க. வேலையும் ஸ்திரமாயிரும். ஆருக்கும் நட்டமில்ல.”

ஆருக்கும் நட்டமில்லையாம்!

“நான் அழுது மன்னிப்புக் கேட்டேனேண்ணே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே” என்றாள்.

நேராக முத்துசுவாமியின் அறைக்குப் போனாள். நானும் போனேன், அர்த்தநாரியும் பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு கிளையாக விரித்துக் காட்டினாள். முத்துசுவாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அப்போ இவ மேல தப்பே இல்லையாக்கும். அர்த்தநாரி, நோக்கு இது முன்னாடியே தெரியுமோ?”

அர்த்தநாரி ஆனந்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, “இல்லீங்க சார், இப்பத்தான் பாக்கறேன். கெட்டிக்காரி சார் நம்ம அம்மிணி” என்றார்.

“பொய் சார்!” என்று நான் கத்திவிட்டேன்.

“சரி, சரி, விஷயம் தீந்தாச்சு. விட்டுடுங்கோ” என்றார் முத்துசுவாமி. அவருக்கு வாசலில் வரிசை குறைந்தால் போதும். அந்த வாரமே ஆனந்தியை நிரந்தரமாக்கி உத்தரவு போட்டார்.

உத்தரவு கைக்கு வந்ததும் இருக்கையிலிருந்தே போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். ராமலட்சுமி அழுவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“அந்தத் தம்பி அங்கதான இருக்காரு? போனைக் குடும்மா. ரெண்டு வார்த்த நல்லதாச் சொல்லணும். அண்ணன்னு ஒருத்தர் அங்க இருக்கப்போய்த்தான நான் இங்க நிம்மதியாத் தூங்குனேன்?”

எதிர் இருக்கையில் இருந்த அர்த்தநாரி சிரித்துக்கொண்டே போனுக்காகக் கையை நீட்டினார்.

ஆனந்தி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இங்க அப்பிடி யாரும் இல்லம்மா” என்றாள்.