படூர் மேடமும் ஐந்தோவன் பேருந்தும்

நெதர்லாந்தில் ஐந்தோவன் என்ற ஊரில் குடியிருக்கிறேன். இங்கே சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகும் யாரும் ஜன்னல் திரையை இழுத்து மூடுவதில்லை. தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் சாப்பிடுகிறார்கள், அடுத்த வீட்டில் ஒருவர் சோபாவில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அதைவிட விசித்திரம், போகிற வருகிற எவரும் உள்ளே திரும்பிப் பார்ப்பதில்லை. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் கதவு லேசாகத் திறந்திருந்தால் போதும், "இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்று கேட்டபடி ஆள் அடுப்படிக்கே வந்துவிடும்.

2008 வாக்கில் என் வீட்டில் மட்டும் பகலிலும் திரை மூடியிருந்தது. அலுவலகப் பேருந்தில் ஏறினால் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ செத்துவிடுவேன் என்று தோன்றும். பாதி வழியில் இறங்கி நடைபாதையில் உட்கார்ந்துவிடுவேன். ஒரு மாதமாக விடுப்பு. இப்படியே போனால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும். இங்கே குடும்ப மருத்துவரை ஹவ்ஸார்ட்ஸ் என்பார்கள். அவர் இதயத்தைச் சோதித்து, அதில் ஒரு குறையும் இல்லை என்றார். பிறகு, மனநல ஆலோசகரைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு ஒன்றும் பைத்தியம் இல்லை, டாக்டர்" என்றேன். அவர் குழம்பிப்போய், "பேருந்தில் ஏற முடியவில்லை என்றுதானே சொன்னீர்கள்?" என்றார். அவர் ஊரில் அது பல்வலி மாதிரி ஒரு விஷயம். எங்கள் ஊரிலோ கீழ்ப்பாக்கம் என்று சொல்லிச் சிரிக்கிற விஷயம்.

வேலைக்குப் பயந்து உள்ளூர் ஆலோசகரிடம் ஒருமுறை போனேன். என் கஷ்டத்தை ஆங்கிலத்தில், அலுவலகக் கூட்டத்தில் பேசுவதுபோல் மூன்று பாயின்டாக விளக்கிவிட்டு வந்தேன். எனக்கே அலுப்பாக இருந்தது. பிறகு என் மனைவி கவிதாதான் விசாரித்து, எங்கள் செங்கல்பட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் இருக்கும் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து இணையம் வழியே பேசும் ஆலோசகர் ஒருவரைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை காலை எனக்கு, மத்தியானம் அவருக்கு.

அங்கேயும் ஒரு கூத்து நடந்தது. ஞாயிறுதோறும் அம்மாவோடு வெப்கேமில் பேசிப் பழகிய வீடு எங்களுடையது. கேமரா பார்க்கிற மூலையில் சோபா, பூச்சாடி, சலவைச் சட்டையில் நான். துவைக்காத துணியும் கழுவாத பாத்திரமும் மறுபக்கம். "எளச்சுப் போயிட்டியா நைனா?" என்று அம்மா கேட்டால், "கேமரா அப்டி காட்டுதும்மா" என்பேன். கணினித் திரை முன்னால் உட்கார்ந்தால் நன்றாக இருப்பதாகச் சொல்லவேண்டும் என்பது எங்களுக்கு அவ்வளவு ஊறிப்போயிருந்தது. படூர் மேடத்திடமும் அதே சட்டையில், அதே சோபாவில் உட்கார்ந்து சில வாரங்கள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அவர், "சேகர், கேமராவ அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்புறீங்களா?" என்றார்.

"வாணாம் மேடம், ஒரே குப்பையா கீது."

"அப்பாடா, இப்பதான் நீங்க பேசுறீங்க" என்றார். கேமராவைத் திருப்பினேன். அழுதேன்.

அம்மாவிடமும் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். மறுநாள் தம்பி வீட்டுக் கணினி முன்னால் அம்மா வந்து உட்கார்ந்ததும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"வேலையும் வாணாம் ஒண்ணும் வாணாம், கெளம்பி வூட்டுக்கு வந்துடு" என்றாள் அம்மா.

"வரேம்மா. ஆனா இப்டி பயந்து ஓடியாரமாட்டேன். பஸ் ஏறி ஆபீஸ் போயிட்டு, அப்பறமா லீவு போட்டு வரேன்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மேடம் எந்த ஊர் என்று கேட்டாள். படூர் என்றேன். கட்டடத்தின் பெயரையும் உளறிவிட்டேன். அந்த வாரமே அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திருப்போரூர் பஸ் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் மாறி, அவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். மகனுக்கு வைத்தியம் பார்ப்பவரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்காமல் எந்தத் தாய் இருப்பாள் எங்கள் பக்கம்!

தம்பி போனில் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொன்னதெல்லாம் இனி தெருவுக்கே தெரியும் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அம்மா படபடவென்று பொரிந்தாள். "இன்னா பொம்பளடா அது! தண்ணி குடுத்தா, ஒக்கார வச்சா. உன்னத் தெரியும்னுகூட ஒத்துக்கல. பழத்தையும் திருப்பிக் குடுத்துட்டா." கொஞ்சம் நிறுத்தி, "பெத்தவகிட்டயே வாயத் தொறக்கல. நல்லவங்கதான். அவங்ககிட்டயே பேசு" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. பேருந்தில் என்ன செய்வது என்று இருவரும் பேசிப் பேசி ஒரு வழி கண்டோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒன்றை மெதுவாக மூச்சுவிட்டுச் சொல்லிக்கொண்டே போகவேண்டும். கல்லூரிக் காலம் முழுக்க செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போனவன் நான். அந்த ஸ்டேஷன் பெயர்களை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

திங்கட்கிழமை ஏறினேன். கதவு மூடியதும் வழக்கம்போல் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இறங்கமாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஃபோல்கெந்த ஹால்தே", அதாவது அடுத்த நிறுத்தம், என்று சொல்லி ஒரு பெயரை டச்சுக் குரல் அறிவித்தது. நான் பரனூர் என்றேன். அது இன்னொரு பெயர் சொன்னது. நான் சிங்கப்பெருமாள் கோவில் என்றேன். மறைமலை நகர், காட்டாங்குளத்தூர், பொத்தேரி. பக்கத்தில் இருந்த கிழவர் ஒருமுறை பார்த்துவிட்டு, தன் ஊர் மரியாதைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார். சட்டை நனைந்திருந்தது, உயிர் இருந்தது. கூடுவாஞ்சேரியில் கதவு திறந்தது. இறங்கி அலுவலகத்துக்கு நடந்தேன்.