மாமாவின் மலைக்கு முன்னால் இரண்டு பெஞ்சுகள்

என் மகளுக்குக் காது குத்த நாள் பார்த்தாகிவிட்டது. ஊசி பட்ட இடம் புண்ணாகுமோ, பிள்ளை பயந்து காய்ச்சலில் விழுமோ என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று கணவரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குக் காது குத்தியபோது அம்மாவுக்கு இந்தக் கவலை எதுவும் இருக்கவில்லை. என்னை மடியில் வைத்துக்கொள்ள மாமா வருவாரா என்பதே அவளுடைய கவலை.

மாமா, அம்மாவின் ஒரே அண்ணன். தாய்மாமன் மடியில் இருத்தித்தான் காது குத்த வேண்டும். வேறு மடி செல்லாது. ஆனால் மாமாவுக்கும் அப்பாவுக்கும் ஆகாது. சொத்துத் தகராறு ஒன்றும் இல்லை. இருவரும் மலைகளை வரைந்தார்கள், அவ்வளவுதான்.

அப்பா மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர மாஸ்டர். மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து, சின்னத் தாளில் வரைவார். மாமா, தேயிலைத் தோட்டத்துத் திருவிழா நாடகங்களுக்குப் பின்திரை எழுதுகிறவர். பசையில் கரைத்த சாயத்தை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பிரஷ்ஷால் அள்ளித் துணியில் அப்புவார்.

"மச்சான் படத்தப் பாக்கணும்னா மூக்குக் கண்ணாடி வேணும்" என்பார் மாமா.

"ஒங்க அண்ணன் படத்தப் பாக்கணும்னா அடுத்த ஊரு ரத்தோட்டைக்குப் போய் நின்னுதான் பாக்கணும்" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு தேங்காய் துருவுவாள்.

அந்த வருடம் அப்பாவின் பள்ளிக்கூட மண்டபத்தில் சித்திரக் கண்காட்சி வைத்தார்கள். ஊரில் வரைகிற யாரும் படம் தரலாம் என்றார்கள். இருவரும் ரிவர்ஸ்டன் போகும் பாதையில், ஒரே வளைவில் இருந்து, ஒரே மலையை வரைந்தார்கள். ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுவிடாதபடி வேறு வேறு நாட்களில் போனார்கள்.

படத்தைக் கொடுத்துவிட்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"தங்கச்சி, அது மச்சான் ஆளுற எடம். அங்க எம் படத்தப் பாத்து நாலு பேர் சிரிச்சாங்கன்னு வச்சுக்க, காதுகுத்துக்கு வேற மடியப் பாத்துக்க."

"என்னாண்ணே இப்புடிப் பேசுறீங்க? புள்ளைக்குத் தோடு கூடச் செஞ்சாச்சு."

மாமா போய்விட்டார். அப்பா உள்ளேதான் இருந்தார். காதில் விழுந்திருக்கும்.

கண்காட்சிக்கு அம்மா என்னைக் கூட்டிப்போனாள். மாமாவின் படம் கதவளவு இருந்ததால் அதற்கு வாசல் பக்கத்துச் சுவரில்தான் இடம் கிடைத்தது. உள்ளே நுழைகிறவர்கள் எல்லாரும் அதை உரசிக்கொண்டே போனார்கள். அவ்வளவு கிட்டத்தில் அது மலையாகத் தெரியவில்லை. பச்சைத் திட்டு, நீலத் திட்டு, நடுவில் ஒரு சிவப்பு அப்பல். துணிக்கடை ஹாஜியார் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"மாஸ்டர், இது மலையா, கொடியில காயப் போட்ட சாரமா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா வாசலில்தான் நின்றிருந்தார். அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின. எதிர்ச் சுவரில் அப்பாவின் படத்தைப் பார்த்தவர்கள், பனி அப்படியே ஈரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அப்பா வகுப்பறையிலிருந்து ஒரு பெஞ்சை இழுத்துக்கொண்டு வந்தார். திரும்பிப் போய் இன்னொன்றையும் இழுத்து வந்தார். இரண்டையும் மாமாவின் படத்துக்கு முன்னால், நன்றாகத் தள்ளி, குறுக்கே போட்டார். மண்டபத்தில் பாதி அதற்கே போயிற்று.

"பாத்தியா தங்கச்சி ஒம் புருஷன் வேலைய!" என்று மாமா கத்தினார். "கிட்ட ஒருத்தரும் போகாம மறிக்கிறாரு!"

எனக்கும் அப்படித்தான் பட்டது. தோடு போய்விட்டது என்று அழுகை வந்தது. அப்பா எதையும் மறுக்காமல், சாக்கட்டித் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டு நின்றார்.

பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்த ஹாஜியார் தற்செயலாகத் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"அடே, இது நம்ம ரிவர்ஸ்டன் வளைவுல்ல! பஸ் வருது பாருங்க, பஸ்!"

சிவப்பு அப்பல் பஸ்ஸாகிவிட்டது. நீலத் திட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைகளாயின. கொஞ்ச நேரத்தில் பெஞ்சுக்குப் பின்னால் கூட்டம். அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒருவரும் இல்லை. மாமாவின் படத்தைத் தன் கடையில் மாட்டப்போவதாக ஹாஜியார் அங்கேயே சொல்லிவிட்டார்.

திரை எழுதுகிறவர், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனின் கண்ணுக்காக எழுதுகிறவர். சித்திர மாஸ்டருக்கு அது தெரியாமலா இருக்கும்? அதைச் சொல்லிவிட்டுப் பெஞ்சு போட்டிருந்தால், மச்சானின் தயவு வேண்டாம் என்று மாமா அவற்றைத் தூக்கி வெளியே எறிந்திருப்பார். சில சமயம் எனக்கே சந்தேகம் வரும்: பிள்ளைகள் கை வைக்காமல் இருக்கத்தான் அப்பா போட்டாரோ? ஆனால் அவருடைய படத்துக்கு முன்னால் ஒரு நாற்காலி கூட இருக்கவில்லை.

மாமா காதுகுத்துக்கு வந்தார். நான் துள்ளத் துள்ள என்னை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பத்தர் ஊசியை இறக்கினார். எல்லாம் முடிந்து இலை போட்டதும் மாமா பந்தி முழுவதுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"பெஞ்சு போட்டு மறிச்சாரு நம்ம மச்சான். மறிக்க முடிஞ்சுதா? கேளுங்க அவருக்கிட்டயே!"

பந்தி சிரித்தது. அப்பாவும் சிரித்தார். "எங்க மச்சான், முடியலயே" என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பாயசச் சட்டியோடு வந்தாள். அன்றைய முறைப்படி முதல் கரண்டி தாய்மாமனுக்கு. அவள் மாமாவின் இலையைத் தாண்டிப் போய், அப்பாவின் இலையில் ஒரு கரண்டி விட்டாள். நிமிர்ந்து பார்க்காமலே இன்னொன்றும் விட்டாள். காது குத்துகிற அமளியில் அம்மாவுக்கு முறை மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். எரிகிற காதோடு, "அம்மா, மொதல்ல மாமாவுக்கு!" என்று எல்லாரும் கேட்கச் சத்தம் போட்டு அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.