ஐந்து நாள் பிள்ளை

வாப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஆலோசனைச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றியது. அவர் வாசித்தார், நான் தட்டினேன். மொத்தம் முப்பத்தொரு சீட்டு. மறுநாள் நான் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

வாப்பா அப்துல் ஸமட், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சாய்ந்தமருதில் சிலர் சம்பளமில்லாமல் நடத்தும் ஊர் வரலாற்று வட்டத்துக்கு ஒன்பது வருடம் செயலாளர். உறுப்பினர்களின் ஆலோசனைக்குப் பெட்டி வைத்தவர் அவர்தான். "உங்கட பெட்டில போட்டா மறுமொழி உலகம் அழிஞ்சி மஹ்ஷர்லதான் வரும் காக்கா" என்று, வாப்பாவை அண்ணன் முறையில் அழைக்கும் உறுப்பினர் ஜவுபர் ஒரு கூட்டத்தில் நக்கலடித்தார். அதன் பிறகு வாப்பா ஒவ்வொரு சீட்டுக்கும், முடிவு எதுவானாலும், சைக்கிளில் வீட்டுக்கே போய்ப் பதில் சொன்னார். ஜவுபரின் சீட்டுகள் பெரும்பாலும் கூட்டக் கதிரைகளைப் பற்றியவை. அவற்றுக்கும் போனார்.

சுனாமியில் மௌத்தானவர்களின் பெயர்ப் பட்டியலை வட்டம் நூலாக்கிக்கொண்டிருந்தது. உறுப்பினர் ஆகிலா ராத்தாவின் சீட்டில் ஒரே வரி: என் மகளையும் சேருங்கள். சுனாமி அன்றைக்குப் பிள்ளைக்கு ஐந்து நாள். ஏழாம் நாள்தான் முடி களைந்து பெயர் வைப்பார்கள்.

பெயர் இல்லாத பதிவை ஏற்காதபடி கணினியில் பட்டியலை அமைத்தவன் நான். பிழைகள் வராமல் இருக்க அப்படிச் செய்தேன். ஏலாது என்று வாப்பாவிடம் சொன்னேன். வட்டத்தின் குழுவும் அதையே சொன்னது. அவர் போய் அந்தப் பதிலைச் சொன்னார். ஆகிலா ராத்தா தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாராம்:

"பேர் வைக்கிற நாள் வரல்ல காக்கா. அதுக்காகப் புள்ள பொறக்கல்லயா?"

தொலைபேசியில் வாப்பா இதைச் சொன்னார். விதியை ஒருவருக்காக மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டிவரும் என்றேன். "ஓம் மகன்" என்றார். அதுதான் நாங்கள் கடைசியாகக் கதைத்தது.

மீதியை வாப்பாவின் ஜனாஸா வீட்டில், அடக்கத்துக்கு வந்த ஜவுபர் சொன்னார். முடிந்த சீட்டை வாப்பா திரும்பக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது அதுதான் முதல் தடவையாம். நின்றபடியே கதைத்தாராம்.

"பிழை எங்கடதான், புள்ளயச் சேர்க்கணும் எண்டார். ஒருத்தரும் எதிர்க்கல்ல. காலையில ஆகிலாட்ட போய்ச் சொல்றன் எண்டுதான் எழும்பினார்."

காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து படுத்தார். எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பட்டியலில் என் தடையை எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. வாப்பாவின் குறிப்பேட்டில், செய்து முடித்த ஒவ்வொரு வேலையும் கோடிட்டு வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டாமல் இருப்பது ஒரு வரி: "ஆகிலாவிடம் போக வேண்டும். என்ன பெயர் வைக்க இருந்தார் என்று கேட்க வேண்டும்."

நூல் வரும் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆகிலா ராத்தாவின் வீடு இங்கிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. அவருக்குத் தெரிந்தவரை வாப்பாவின் பதில் இன்னும் 'இல்லை'தான்.